கிழட்டுப் பூனை ஏன் ஓயாமல் தண்ணீர் குடிக்கிறது?

காலை நேரம். நாஞ்சில் நாட்டில் ஒரு தெரு. மீன்காரம்மா தலையில் கூடையுடன் வருகிறார்.

கூடையை இறக்குவதற்கு முன்பே ஓடி வந்து நிற்பது யார்? வீட்டுப் பூனைதான்! ஒரு சாளைத் தலை கிடைத்தால் போதும். வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடும்.

பன்னிரண்டு, பதின்மூன்று வருஷம் இப்படியே போகிறது. ஒரு நாள் மீன்காரம்மா வருகிறார். பூனை வரவில்லை.

எங்கே போயிற்று? கிணற்றடியில் இருக்கிறது. தொட்டி ஓரத்தில் குனிந்து தண்ணீரை நக்கிக் குடித்துக்கொண்டே இருக்கிறது.

"அம்மை, பூனை எவ்வளவு தண்ணி குடிக்குது பாத்தியா?" என்கிறாள் மகள்.

"வயசாச்சுல்லா மக்கா. வெயிலும் கூடுதல்" என்கிறாள் தாய்.

இப்படிப் பேசாத வீடு குறைவு. ஆனால் பெரும்பாலும் வெயில் காரணம் அல்ல. பூனையின் உடம்புக்குள் ஒரு உறுப்பு கெட்டுக்கொண்டிருக்கிறது. அது சிறுநீரகம். நம் பாட்டிமார் "குண்டிக்காய்" என்று சொல்வார்களே, அதுதான்.

பத்து வயதைத் தாண்டிய பூனைகளை அதிகமாகப் பிடிக்கும் நோய்களில் இதுவும் ஒன்று. பதினைந்து வயதைத் தாண்டிய பூனைகளில் மூன்றில் ஒன்றுக்காவது இது இருக்கும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். பூனைக்குப் பத்து வயது என்றால் மனிதருக்கு 56 வயது மாதிரி. பதினைந்து என்றால் 76 மாதிரி.

கெட்டுப்போன சிறுநீரகம் திரும்ப முளைக்காது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாப்பாட்டையும் தண்ணீரையும் சரியாகக் கவனித்தால், பூனை இன்னும் பல மாதங்கள், சில சமயம் சில வருஷங்கள்கூட நிம்மதியாக வாழும். அந்த மருந்தில் பாதி நம் அடுக்களையிலேயே இருக்கிறது!

பாலைவனத்துப் பிராணி

பூனையின் முன்னோர் யார்? வட ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வாழ்ந்த காட்டுப் பூனை. தண்ணீர் அரிதான வறண்ட பூமி அது. அங்கே பூனைக்குத் தண்ணீர் கிடைத்த இடம் எலியின் உடம்பு! எலியின் உடம்பில் நூற்றுக்கு எழுபது பங்கு தண்ணீர். எலியைத் தின்றால் சாப்பாடும் ஆயிற்று, தண்ணீரும் ஆயிற்று.

மத்தியதரைக் கடலில் சைப்ரஸ் என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே மனிதருக்குப் பக்கத்தில் புதைத்திருந்த ஒரு பூனையின் எலும்புக்கூட்டை ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். 2004-ம் ஆண்டில் அந்தச் செய்தி வெளியானது. அந்தப் பூனை வாழ்ந்து சுமார் 9,500 ஆண்டுகள் ஆகின்றன. தானியம் சேர்த்து வைத்த இடத்துக்கு எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. நம் நாஞ்சில் நாட்டிலும் அதே கதைதான். பத்தாயத்தில் நெல் இருந்த வீட்டில் எல்லாம் பூனையும் இருந்தது.

காலம் மாறியது. பூனைக்கு எலி வேட்டை குறைந்தது. மீன் குழம்புச் சோறும் கருவாடும் கிடைத்தன. இன்று பாக்கெட்டில் வரும் காய்ந்த உருண்டைகளும் கிடைக்கின்றன. ஆனால் தாகம் குறைவான அந்தப் பழைய சுபாவம் மட்டும் மாறவில்லை.

அப்படிப்பட்ட பூனை திடீரென்று தொட்டியே கதி என்று கிடந்தால், அதை லேசாக நினைக்கலாமா?

மடை உடைந்த வயல்

சிறுநீரகத்தின் வேலை என்ன? ரத்தத்தை வடிகட்டுவது. கழிவை வெளியே தள்ளுவது. நல்ல தண்ணீரை உடம்புக்கே திருப்பிக் கொடுப்பது.

இந்த வேலையைச் செய்ய, கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய வடிகட்டிகள் உள்ளே இருக்கின்றன. மனிதனின் ஒரு சிறுநீரகத்தில் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள். பூனையின் ஒரு சிறுநீரகத்தில் சுமார் 2 லட்சம்தான். ஒன்று செத்தால் இன்னொன்று முளைக்காது. மிஞ்சியிருப்பவை கூடுதல் வேலை செய்ய வேண்டும். அதனால் அவையும் தேய்ந்து போகின்றன.

வயலுக்கு மடை எதற்கு? தண்ணீரை வேண்டிய மட்டும் நிறுத்தி வைப்பதற்கு. மடை உடைந்தால் தண்ணீர் நிற்குமா? வந்தது எல்லாம் போய்விடும். சிறுநீரகம் கெட்ட பூனையின் நிலை அதுதான். தண்ணீரை உடம்பில் நிறுத்தி வைக்க முடியவில்லை. நிறையச் சிறுநீர் போகிறது. அதை ஈடுகட்ட நிறையக் குடிக்கிறது.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. "நல்லாத் தண்ணி குடிக்குது, நல்லா மூத்திரம் போகுது, சிறுநீரகத்துக்கு என்ன குறை?" என்று நினைத்துவிடுகிறார்கள். நிறையப் போவதே குறைதான்! வடிகட்டிகளில் மூன்றில் இரண்டு பங்கு அழிந்த பிறகுதான் இந்த அடையாளம் தெரியும். நாலில் மூன்று பங்கு அழிந்த பிறகுதான் ரத்தத்தில் கழிவு நன்றாக ஏறும். அதுவரை பூனை வெளியே காட்டிக்கொள்ளாது.

அடையாளங்கள் என்ன?

தண்ணீர் குடிப்பது கூடும். சிறுநீர் கூடும். உடம்பு மெலியும். முதுகெலும்பைத் தடவினால் கையில் தட்டும். மயிர் மினுமினுப்பு இல்லாமல் சிலிர்த்து நிற்கும். அடிக்கடி வாந்தி வரும். வாய் நாறும். மலச்சிக்கல் வரும். மதில் மேல் தாவிய பூனை திண்ணையில் ஏறவே யோசிக்கும்.

இதில் எந்த இரண்டு இருந்தாலும் கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை நோய் வந்தாலும் பூனை நிறையத் தண்ணீர் குடிக்கும். கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பி கெட்டாலும் மெலியும். எந்த நோய் என்று வீட்டில் இருந்து சொல்ல முடியாது. ரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

ஒரு எச்சரிக்கை! பூனை முக்கி முக்கிப் பார்த்தும் சிறுநீர் வரவில்லை என்றால் அது வேறு விஷயம். கடுவன் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொள்வது உண்டு. ஒரே நாளில் உயிர் போகலாம். அப்போது ஒரு மணி நேரமும் காத்திருக்கக் கூடாது.

நாகர்கோவிலில் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது. பெரிய சோதனை வேண்டும் என்றால் திருநெல்வேலிக்குப் போகலாம். அங்கே ராமையன்பட்டியில் 2012-ம் ஆண்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. நாகர்கோவிலில் இருந்து சுமார் 80 கிலோமீட்டர். பூனையைப் பையில் திணித்துக்கொண்டு போகாதீர்கள். மூடியுள்ள கூடையில் பழைய துணியை விரித்து, அதில் வைத்துக்கொண்டு போங்கள்.

டாக்டர் எழுதும் எண்

ரத்தச் சோதனைச் சீட்டில் "கிரியேட்டினின்" என்று ஒரு பெயர் இருக்கும். அது ஒரு கழிவுப் பொருள். சிறுநீரகம் நன்றாக இருந்தால் அது வெளியே போய்விடும். கெட்டுப்போனால் ரத்தத்தில் தங்கும்.

உலகம் முழுவதும் டாக்டர்கள் இந்த எண்ணை வைத்துப் பூனையின் நோயை நாலு கட்டமாகப் பிரிக்கிறார்கள். 1.6-க்குக் கீழே இருந்து, வேறு அடையாளம் மட்டும் தெரிந்தால் முதல் கட்டம். 1.6 முதல் 2.8 வரை இரண்டாம் கட்டம். 2.9 முதல் 5 வரை மூன்றாம் கட்டம். 5-க்கு மேல் போனால் நாலாம் கட்டம்.

பாஸ்பரஸ், பொட்டாசியம் என்ற உப்புகளையும் டாக்டர் பார்ப்பார். ரத்த அழுத்தமும் பார்ப்பார். பூனைக்கும் ரத்த அழுத்தம் உண்டா என்று சிரிக்காதீர்கள்! இந்த நோயில் அழுத்தம் ஏறினால் ஒரே இரவில் பூனைக்குக் கண் தெரியாமல் போகும். காலையில் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். மனிதருக்குக் கொடுக்கும் அம்லோடிபின் மாத்திரைதான் பூனைக்கும். ஆனால் அளவு மிக மிகச் சிறியது. டாக்டர் சொல்லாமல் வீட்டுத் தாத்தாவின் மாத்திரையைக் கிள்ளிப் போடக் கூடாது.

சாப்பாடு செய்த அதிசயம்

சாப்பாட்டுக்கு அவ்வளவு சக்தி உண்டா?

இங்கிலாந்தில் இந்த நோய் வந்த 50 பூனைகளைக் கவனித்தார்கள். பாஸ்பரசும் புரதமும் குறைத்த தனிச் சாப்பாட்டைச் சில பூனைகள் சாப்பிட்டன. மற்றவை பழைய சாப்பாட்டையே தின்றன. பழைய சாப்பாட்டுப் பூனைகளில் சரிபாதி 264 நாளுக்குள் இறந்துபோயின. தனிச் சாப்பாட்டுப் பூனைகளில் சரிபாதி 633 நாளைத் தாண்டின! 2000-ம் ஆண்டில் இந்த ஆராய்ச்சி வெளியானது. ஆனால் அதில் ஒரு குறை உண்டு. பிடிவாதம் பிடித்த பூனைகளும், மாற்ற மனம் இல்லாதவர்கள் வளர்த்த பூனைகளும்தான் பழைய சாப்பாட்டில் இருந்தன.

அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழக டாக்டர்கள் அந்தக் குறையையும் நீக்கினார்கள். 45 பூனைகளை எடுத்து, எதற்கு எந்தச் சாப்பாடு என்று அவர்களே பிரித்தார்கள். இரண்டு வருஷம் பார்த்தார்கள். சாதாரணச் சாப்பாடு தின்ற பூனைகளில் நாலில் ஒன்றுக்கு ரத்தத்தில் கழிவு ஏறி ஆபத்து வந்தது. தனிச் சாப்பாடு தின்ற பூனைகளில் ஒன்றுக்குக்கூட அப்படி வரவில்லை! 2006-ம் ஆண்டில் இது வெளியானது.

இந்தத் தனிச் சாப்பாடு இப்போது நம் ஊர்க் கடைகளிலும் பாக்கெட்டில் விற்கிறது. விலை கூடுதல்தான். வாங்க முடிந்தவர்கள் டாக்டரைக் கேட்டு வாங்கலாம். காய்ந்த உருண்டையைவிட ஈரமாக இருப்பது நல்லது.

ஆனால் ஒரே நாளில் மாற்றாதீர்கள். பூனைக்குப் புதிய வாசனை பிடிக்காது. பழைய சாப்பாட்டில் ஒரு ஸ்பூன் புதியதைக் கலந்து தொடங்குங்கள். மெல்ல மெல்லக் கூட்டுங்கள். இரண்டு வாரம் ஆகலாம், நாலு வாரமும் ஆகலாம். வாந்தி எடுக்கும் நாளில் புதிய சாப்பாட்டை வைக்கவே கூடாது. வைத்தால், "இதைத் தின்றுதான் எனக்கு வாந்தி வந்தது" என்று அதை என்றைக்கும் தொடாது.

மீன்கூடையில் எது நல்லது?

நம் மாவட்டத்துப் பூனை மீனுக்குப் பிறந்தது. குளச்சல், முட்டம், சின்னமுட்டம் என்று சுற்றிலும் கடற்கரை. மீன் வேண்டாம் என்றால் பூனை கேட்குமா?

மீனை முழுவதும் நிறுத்த வேண்டாம். எதைக் கொடுக்கிறோம் என்று பார்த்தால் போதும்.

இந்த நோய்க்குப் பெரிய எதிரி பாஸ்பரஸ். அது எங்கே இருக்கிறது? முள்ளில், எலும்பில், தலையில் நிறைய இருக்கிறது. நெத்தோலியை முழுசாகப் போட்டால் முள்ளோடு சேர்ந்து பாஸ்பரஸும் போகிறது. சாளைத் தலையும் அப்படித்தான். ஈரல், முட்டை மஞ்சள் கரு, பால் ஆகியவற்றிலும் அது அதிகம்.

ஆகவே முள் நீக்கிய சதையை மட்டும் கொடுங்கள். மீனாகவும் இருக்கலாம், கோழியாகவும் இருக்கலாம். உப்பு, புளி, மிளகாய் இல்லாமல் தண்ணீரில் வேகவையுங்கள். வெந்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பாஸ்பரஸில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். பிறகு சதையைப் பிய்த்து, குழைந்த சோறு கொஞ்சம் சேர்த்து, வெதுவெதுப்பான புதுத் தண்ணீர் விட்டுக் கஞ்சி பதத்தில் வையுங்கள். வேகவைத்த முட்டையின் வெள்ளைக் கருவையும் சேர்க்கலாம். அதில் நல்ல புரதம் உண்டு. பாஸ்பரஸ் மிகக் குறைவு.

பச்சை மீன் வேண்டாம். சாளை போன்ற சில மீன்களில் ஒரு வைட்டமினை அழிக்கும் பொருள் இருக்கிறது. வேகவைத்தால் அது போய்விடும்.

கருவாடு கூடவே கூடாது! அது மீன் அல்ல, உப்புக்கட்டி! தேங்காய் அரைத்து, உள்ளி போட்டு, புளி விட்ட மீன் குழம்பும் கூடாது. வெங்காயமும் உள்ளியும் பூனையின் ரத்தத்தைக் கெடுக்கும். இந்த நோயில் பூனைக்கு ஏற்கெனவே ரத்தம் குறைந்திருக்கும்.

ஒரு விஷயம் நினைவில் இருக்கட்டும். வீட்டில் சமைத்ததை மட்டுமே மாதக்கணக்கில் கொடுத்தால் சில சத்துகள் குறையும். எலும்பு இல்லாத சதையில் சுண்ணாம்புச் சத்து கிடையாது. டாக்டரைக் கேட்டு அதற்கு உரியதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தயிர் சோறு மட்டும் போதுமா?

"சிறுநீரகத்துக்குப் புரதம் ஆகாது" என்று கேள்விப்பட்டு, மீனையும் இறைச்சியையும் அடியோடு நிறுத்திவிடும் வீடுகள் உண்டு. தயிர் சோறு, பால் சோறு என்று வைக்கிறார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் இது பெரிய தவறு.

பூனை நம்மைப் போல அல்ல. நாயைப் போலவும் அல்ல. இறைச்சி இல்லாமல் அது வாழவே முடியாது. டாரின் என்று ஒரு சத்து உண்டு. அது இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. அது குறைந்தால் பூனைக்குக் கண் கெடும், இதயமும் வீங்கும். மேலும், புரதம் கொடுக்காவிட்டால் பூனை தன் சொந்தச் சதையையே கரைத்துக்கொள்ளும். அந்தக் கழிவும் சிறுநீரகத்துக்குத்தான் போகும்!

ஆகவே புரதத்தைக் குறைக்கலாம், நிறுத்தக் கூடாது. எவ்வளவு குறைப்பது என்பது நோயின் கட்டத்தைப் பொறுத்தது. அதை டாக்டர் சொல்வார்.

இன்னும் முக்கியமானது ஒன்று. பூனை பட்டினி கிடக்கக் கூடாது. "பசித்தால் தானாகத் தின்னும்" என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு மூன்று நாள் தின்னாவிட்டால் பூனையின் ஈரலில் கொழுப்பு அடைத்துக்கொள்ளும். அதுவே உயிரைக் குடிக்கும். சரியான சாப்பாட்டைத் தொடவே மாட்டேன் என்கிறதா? பழைய சாப்பாட்டையாவது கொடுங்கள். ஒரு நாள் முழுதும் ஒன்றும் தின்னாவிட்டால் டாக்டரிடம் போங்கள். வாந்தியை நிறுத்தவும், பசியைத் தூண்டவும் இன்று மருந்து இருக்கிறது.

கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து வேளை கொடுங்கள். லேசாகச் சூடாக்கிக் கொடுங்கள். சூட்டில் வாசனை எழும். பூனை நாக்கால் அல்ல, மூக்கால்தான் ருசி பார்க்கும். உங்கள் விரலில் எடுத்து நீட்டினால் தின்னும் பூனைகள் பல. வாயைப் பிளந்து திணிக்காதீர்கள்.

தண்ணீரே முதல் மருந்து

தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்து மறைக்காதீர்கள். "குடித்துக் குடித்துத்தான் வீட்டில் அசுத்தம் செய்கிறது" என்று மறைப்பவர்கள் உண்டு. அது கொலைக்குச் சமம்.

அடுக்களையில் ஒன்று, திண்ணையில் ஒன்று, கிணற்றடியில் ஒன்று என்று மூன்று நாலு இடத்தில் வையுங்கள். வாய் அகன்ற பாத்திரம் நல்லது. மீசை விளிம்பில் இடித்தால் சில பூனைகளுக்குப் பிடிக்காது. தினமும் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள்.

வாயால் குடிப்பது போதாத கட்டம் வந்தால், டாக்டர் தோலுக்கு அடியில் நீர் ஏற்றச் சொல்வார். ரிங்கர் லாக்டேட் என்ற பாட்டில் நீர் அது. இரண்டு தோள்களுக்கு நடுவே தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கி, அதில் ஊசியைச் செருகுவார்கள். நீர் ஏறியதும் முதுகில் திமில் மாதிரி ஒரு வீக்கம் நிற்கும். பயப்பட வேண்டாம். சில மணி நேரத்தில் உடம்பு அதை உறிஞ்சிக்கொள்ளும்.

இதை டாக்டர் காட்டிக்கொடுத்தால் வீட்டிலேயே செய்யலாம். பாட்டிலை வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் புது ஊசி வேண்டும். எவ்வளவு நீர், வாரத்தில் எத்தனை நாள் என்பதை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். இதய நோய் உள்ள பூனைக்கு அதிக நீர் ஏற்றினால் மூச்சு முட்டிவிடும்.

ஒருவர் மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருக்க, இன்னொருவர் ஊசி போடலாம். பத்து நிமிஷ வேலைதான். முதல் நாள் கை நடுங்கும். நாலாம் நாள் பழகிவிடும்.

இவை விஷம்!

பூனை முனகுகிறது என்று பாரசிட்டமால் மாத்திரை கொடுக்காதீர்கள். ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகளும் சிறுநீரகத்துக்கு எமன்.

இதற்கு ஒரு சாட்சி வேண்டுமா? நம் நாட்டுக் கழுகுகள்தான்! வானத்தில் கூட்டம் கூட்டமாகச் சுற்றிய பிணந்தின்னிக் கழுகுகள் சில வருஷங்களில் அழிந்துபோயின. காரணம் என்ன? மாடுகளுக்குப் போட்ட டைக்ளோபினாக் ஊசி. செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகம் கெட்டுப்போயிற்று. 2004-ம் ஆண்டில் இது வெளியே தெரிந்தது. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தை இந்தியா தடை செய்தது.

பூவிலும் விஷம் உண்டு. தோவாளைப் பூச்சந்தையில் இருந்து வரும் பிச்சியும் மல்லிகையும் பூனையை ஒன்றும் செய்யாது. ஆனால் பூங்கொத்துகளில் வைக்கும் பெரிய லில்லிப் பூ இருக்கிறதே, அதன் மகரந்தத்தை நக்கினாலே போதும். பூனையின் சிறுநீரகம் இரண்டு மூன்று நாளில் நின்றுவிடும். பூ வைத்த ஜாடித் தண்ணீர்கூட ஆபத்து.

சிறுநீர் பெருக்கும் கஷாயம் எதுவும் கொடுக்காதீர்கள். மடை உடைந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை இன்னும் திறந்துவிடலாமா?

ஜப்பானில் குவிந்த பணம்

பூனைக்கு மட்டும் இந்த நோய் ஏன் இவ்வளவு அதிகம்? ஜப்பான் நாட்டில் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் இருந்த டோரு மியாசாகி என்ற டாக்டர் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தார்.

ரத்தத்தில் ஒரு புரதம் இருக்கிறது. அதற்கு "ஏ.ஐ.எம்." என்று பெயர். சிறுநீரகத்தில் குப்பை அடைத்தால் அந்தப் புரதம் போய் ஒட்டிக்கொள்ளும். அதை அடையாளம் வைத்து உடம்பு குப்பையை அகற்றும். மனிதருக்கும் எலிக்கும் இது சரியாக நடக்கிறது. பூனைக்கு அந்தப் புரதம் ரத்தத்தில் உள்ள இன்னொரு பொருளோடு இறுக ஒட்டிக்கொண்டு பிரிவதே இல்லை. துடைப்பம் இருக்கிறது, ஆனால் ஆணியில் இருந்து கழற்ற முடியவில்லை! 2016-ம் ஆண்டில் அவர் இதை வெளியிட்டார்.

மருந்து செய்யத் தொடங்கினார். கொரோனா காலத்தில் பணம் நின்றுபோயிற்று. 2021-ல் அந்தச் செய்தி வெளிவந்தது. உடனே என்ன நடந்தது தெரியுமா? பூனை வளர்ப்பவர்கள் பணம் அனுப்பினார்கள். கேட்காமலே அனுப்பினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் அனுப்பினார்கள். சில வாரங்களில் பத்துக் கோடி யென்னைத் தாண்டியது! 2022-ல் அவர் பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டு, அந்த மருந்துக்காகவே தனி ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்.

அந்த மருந்து நம் ஊர்க் கடைக்கு வரும் நாள் வரட்டும். அதுவரை நம் கையில் இருப்பது சாப்பாடும் தண்ணீரும்தான்.

கணக்கு வையுங்கள்

வாரம் ஒரு தடவை பூனையை எடை போடுங்கள். எப்படி? பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள். பிறகு பூனை இல்லாமல் ஏறுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம்தான் பூனையின் எடை. பிள்ளைகளின் பழைய நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். எவ்வளவு தின்றது, எத்தனை தடவை வாந்தி எடுத்தது என்பதையும் எழுதுங்கள். இந்த வேலையைப் பிள்ளைகளிடமே கொடுக்கலாம். டாக்டருக்கு அந்த நோட்டு பெரிய உதவி.

பாஸ்பரஸ் குறையாவிட்டால், அதை வயிற்றிலேயே பிடித்து நிறுத்தும் மருந்தை டாக்டர் தருவார். அதைச் சாப்பாட்டோடு கலந்துதான் கொடுக்க வேண்டும். தனியாகக் கொடுத்தால் பயன் இல்லை.

கடைசி நாள்

இவ்வளவு செய்தாலும் ஒரு நாள் வரும். விரலில் நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தண்ணீரும் வேண்டாம் என்று இருட்டு மூலையில் போய்ப் படுக்கும்.

அப்போது "இன்னும் ஒரு ஊசி, இன்னும் ஒரு பாட்டில்" என்று அதை இழுத்துப் பிடிப்பது அன்பா? யோசிக்க வேண்டும். நல்ல நாள் எத்தனை, கெட்ட நாள் எத்தனை என்று நோட்டைப் பாருங்கள். கெட்ட நாளே அதிகம் என்றால் டாக்டரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். வலி தெரியாமல் உறங்க வைக்கும் ஊசி உண்டு. அது வேண்டாம் என்று நினைப்பவர்கள், வலியையும் வாந்தியையும் குறைக்கும் மருந்தாவது கேட்டு வாங்குங்கள். முடிவு உங்களுடையது. ஆனால் சாக்கில் கட்டித் தூரத்தில் கொண்டு விட்டுவிட்டு வரும் பாவத்தை மட்டும் செய்யாதீர்கள். பன்னிரண்டு வருஷம் நம் திண்ணையைக் காத்த ஜீவன் அது.

பிள்ளைகள் கேட்பார்கள். "ஓடிப்போயிற்று" என்று பொய் சொல்லாதீர்கள். உண்மையைச் சொல்லுங்கள். வயதானவர்களுக்குக் கஞ்சி வைப்பதையும், மருந்து கொடுப்பதையும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பதையும் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்? வீட்டில்தான். சில சமயம் பூனையிடம் இருந்தும் படிக்கிறார்கள்.

நாளைக் காலை மீன்காரம்மா வருவார். உங்கள் பூனை ஓடி வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால், கிணற்றடிக்குப் போய்ப் பாருங்கள்.